லீவு முடிந்த முதல் வாரம் ஏன் இவ்வளவு கனக்கிறது?

விடுமுறை முடிந்து திரும்பும் முதல் சில நாட்களில் எதிலும் ஒட்டாத ஒரு மந்தம் இருக்கும். அலாரம் அடித்தாலும் எழ முடியாது. மதியம் கண் சொருகும், ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. எங்கேயாவது சந்திக்கலாமா என்று நண்பர்கள் கேட்டால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடத் தோன்றும். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துப் பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. அந்த நாட்களில் உடம்பின் நேரம் வேலையின் நேரத்தோடு பொருந்துவதில்லை. நம் அனுபவமும் நண்பர்களின் அனுபவத்தோடு பொருந்துவதில்லை. இரண்டும் சேர்ந்து வரக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

முதலில் உடம்பின் நேரம். மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸில், இரு கண்களின் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடல் சூடு இறங்க வேண்டும், எப்போது தூக்கத்துக்கு அறிகுறி காட்டும் மெலடோனின் ஹார்மோன் சுரக்க வேண்டும் என்பதற்கெல்லாம் தாளம் போடும் உடல் கடிகாரம் இதுதான். வெளியுலக வெளிச்சம் தெரியாத சூழலில்கூட இந்தக் கடிகாரம் தன்போக்கில் ஓடும். ஆனால் அதன் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடப் பத்து நிமிடம் போல அதிகம். அதனால் அது தினமும் கொஞ்சம் தாமதமாகிக்கொண்டே போகப் பார்க்கும். யாராவது அதைத் தினமும் திருத்த வேண்டும்.

திருத்துவது வெளிச்சம். விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள் இருக்கின்றன. சுற்றுப்புறம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று அந்த நரம்பணுக் கொத்துக்குச் சொல்வதுதான் இவற்றின் முக்கிய வேலை. நீல வெளிச்சத்துக்கு இவை நன்றாகத் துலங்கும். காலை வெளிச்சம் பட்டால் கடிகாரம் முன்னுக்கு நகரும், அதாவது தூக்கமும் விழிப்பும் சீக்கிரம் வரும். ராத்திரி வெளிச்சம் பட்டால் பின்னுக்குத் தள்ளிப்போகும். விடுமுறையில் நாம் என்ன செய்கிறோம்? நள்ளிரவு தாண்டியும் விளக்கையும் திரையையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அப்புறம் காலை வெளிச்சத்தைத் தூங்கியே கழிக்கிறோம். கடிகாரம் ஏற்கெனவே தாமதமாகிப் போகத் தயாராக இருக்கிறது, நாமும் சேர்ந்து தள்ளுகிறோம். சில நாட்களில் அது எளிதாக ஒன்றிரண்டு மணி நேரம் பின்தங்கிவிடும். வேலை நாளுக்கும் ஓய்வு நாளுக்கும் நடுவே வரும் இந்த இடைவெளிக்கு, ஜெர்மானிய ஆய்வாளர் டில் ரோனபெர்க்கும் அவருடைய சகாக்களும் 2006-இல் ‘சமூக ஜெட் லேக்’ என்று பெயர் வைத்தார்கள். ஜெட் லேக் என்பது தூர தேசத்துக்கு விமானத்தில் போனால் உடல் நேரம் குழம்புவது. விமானமே ஏறாதவர்களுக்கும் இந்தச் சமூக ஜெட் லேக் வரும்.

லீவின் கடைசி ராத்திரி சீக்கிரம் படுத்துவிடலாம் என்று எல்லோரும் நினைப்போம், பெரும்பாலும் பலிக்காது. காரணம் இருக்கிறது. வழக்கமாகத் தூங்கப் போகும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உடல் கடிகாரம் நம்மை நன்றாக விழித்திருக்க வைக்கிறது. நாளெல்லாம் சேர்ந்த களைப்பில் சாயங்காலமே விழுந்துவிடாமல் காப்பது இந்த ஏற்பாடு. விடுமுறையில் ஒரு மணிக்குப் படுத்துப் பழகியவர் பத்தரைக்குப் படுத்தால், சரியாக அந்த விழிப்பு நேரத்துக்குள்தான் போய்ப் படுக்கிறார். புரண்டு புரண்டு படுப்பது மனக்கவலையால் மட்டும் அல்ல.

ஆகவே படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டுவதைவிட எழும் நேரத்தைப் பிடித்துக்கொண்டு, எழுந்ததும் வெளியே போவது நல்லது. வீட்டுக்குள் விளக்கு பிரகாசமாகத் தெரிந்தாலும் அது சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். மேகமூட்டமான நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். கென்னத் ரைட் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மின்விளக்கே இல்லாமல் ஒரு வாரம் கூடாரமடித்துத் தங்கியவர்களின் உடல் கடிகாரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னுக்கு வந்தது. நமக்குக் கூடாரம் வேண்டாம், காலை வெயில் போதும். சாப்பாட்டு நேரத்தையும் உடனே பழையபடி ஆக்கிவிட வேண்டும். கல்லீரல் போன்ற உறுப்புகளில் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு, அவை சாப்பாட்டு வேளையை வைத்து நேரம் பார்க்கின்றன.

மனநிலைக்கு வருவோம். யெரூன் நவெய்ன் குழுவினர் 1,530 டச்சுக்காரர்களிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயம் தெரிந்தது. பயணத்துக்கு முன்பு, போகப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பிலேயே சந்தோஷம் கூடியிருந்தது. திரும்பி வந்த பிறகோ, போய்வந்தவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விடுமுறையை மிகவும் நிம்மதியாகக் கழித்தவர்களுக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் கொஞ்ச காலம் நீடித்தது. ஜெசிகா டி ப்ளூமின் ஆய்வும் இதை ஒட்டியே வந்தது: நீண்ட விடுமுறையில் கிடைத்த தெம்பு, வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம். எதிர்பார்ப்பே சந்தோஷம் தருகிறது என்றால், திரும்பி வந்த வாரத்தில் ஒரு சின்னச் சந்திப்பைக் குறித்து வைத்துக்கொள்வதிலும் அது கொஞ்சம் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

சரி, சந்தித்தாயிற்று. ஆனால் அந்த முதல் சந்திப்பு பல நேரம் சப்பென்று போகும். இதுதான் எனக்கு மிகவும் சுவையான பகுதி. கஸ் கூனி, டேனியல் கில்பர்ட், டிமத்தி வில்சன் மூவரும் 2014-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கு மட்டும் சிறப்பான படத்துண்டைக் காட்டினார்கள், மற்ற மூவருக்குச் சுமாரானது. அப்புறம் நால்வரையும் பேசவிட்டார்கள். நல்ல படம் பார்த்தவர்தான் பேச்சு முடிந்தபோது மற்றவர்களைவிட வாடிப்போயிருந்தார். மூவருக்கும் பொதுவாகப் பேச ஏதோ இருந்தது, அவர் மட்டும் ஒதுங்கியிருந்தார். இப்படி ஆகும் என்று முன்கூட்டியே யாருக்கும் தோன்றுவதில்லை, அருமையான அனுபவம் இருந்தால் பேச்சிலும் கொடிகட்டிப் பறக்கலாம் என்றுதான் நினைக்கிறோம்.

அதே ஆய்வாளர்கள் மூவரும் 2017-இல் இன்னொன்றும் காட்டினார்கள். தாங்கள் பார்க்காத புதிய விஷயத்தைக் கேட்பதைவிட, ஏற்கெனவே தெரிந்ததைப் பற்றிக் கேட்பதையே மனிதர்கள் அதிகம் ரசிக்கிறார்கள். நாம் சொல்லும் கதையில் எப்போதும் ஓட்டைகள் இருக்கும். அந்த இடத்தின் காற்று, வாசனை, சத்தம் எல்லாம் நம் மனதில் இருக்கிறதே தவிர வாயில் வருவதில்லை. அங்கே போயிருப்பவர் தன் நினைவால் அந்த ஓட்டைகளை நிரப்பிக்கொள்வார், போகாதவரால் முடியாது. நண்பர் பாதியில் போனை எடுத்துப் பார்ப்பது பொறாமையாலோ அலட்சியத்தாலோ என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

அதற்காகப் பயணக் கதையைப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. நல்ல செய்தியைப் பிறரிடம் பகிரும்போது அந்த மகிழ்ச்சி கூடுகிறது என்றும், கேட்பவர் ஆர்வமாக மறுமொழி சொன்னால் இன்னும் கூடுகிறது என்றும் ஷெல்லி கேபிள் குழுவினர் 2004-இல் காட்டியிருக்கிறார்கள். ஆக, கேட்பவரும் பேச்சில் கலந்துகொள்ளக்கூடிய ஒரு சம்பவத்தை எடுத்துச் சொன்னால் போதும்: வழி தவறியது, மழையில் மாட்டியது, புரியாத மொழியில் சாப்பாடு கேட்டது. நாம் இல்லாதபோது இங்கே என்ன நடந்தது என்று முதலில் கேட்பது அதைவிடவும் பயன் தரும். அவர்களுக்குள் சேர்ந்துவிட்ட பொதுப் பேச்சுக்குள் நாமும் நுழைய அதுதான் வாசல். அந்தச் சந்திப்பை ராத்திரி விருந்தாக இல்லாமல் காலை நடையாக வைத்துக்கொண்டால் உடல் கடிகாரத்துக்கும் உதவி.

முதலில் யார் கூப்பிடுவது என்ற தயக்கமும் உண்டு, இவ்வளவு நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது தொந்தரவு செய்வதா என்று. பெக்கி லியு குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வுகளில், சும்மா நலம் விசாரித்து அனுப்பப்பட்ட செய்தியை, அனுப்பியவர் நினைத்ததைவிடப் பெற்றவர் அதிகமாக மதித்தார். எதிர்பாராமல் வந்த செய்தியாக இருந்தால் அந்த வித்தியாசம் இன்னும் பெரிதாக இருந்தது.