மயக்க மருந்து மாறினால் வலிப்பும் மாறும்

கடுமையான மனச்சோர்வுக்கு அளிக்கப்படும் மின்னதிர்வு சிகிச்சையில், மின்சாரம் மூளையில் எழுப்பும் வலிப்புதான் பலன் தருகிறது. நோயாளி அதை உணராதிருக்கச் சில நிமிடங்களுக்கு அவரை மயக்கத்தில் ஆழ்த்துகிறார்கள். மயக்க மருந்துகளில் பெரும்பாலானவையோ, மூளையின் செயல்பாட்டைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பிகள் வழியாக நரம்பு செல்களை அமைதிப்படுத்தி, வலிப்பையே அடக்கக்கூடியவை.

இந்த முரண்பாட்டைச் சமாளிக்க அமெரிக்க மருத்துவர்கள் நெடுங்காலமாக நம்பியிருப்பது மெத்தோஹெக்ஸிட்டால். உடல் எடையில் கிலோவுக்கு 0.75 முதல் 1 மில்லிகிராம் வரை ஊசி வழியே செலுத்தினால் நோயாளி உடனே உறங்கிவிடுவார். வலிப்பும் பெரிதாகக் குறையாது. 2000-களின் தொடக்கத்தில் அந்த மருந்துக்கே அங்கு தட்டுப்பாடு வந்தது. 2009-10இல் புரோபோஃபால் என்ற மற்றொரு மயக்க மருந்தும் போதிய அளவு கிடைக்கவில்லை. தயோபென்டால் என்ற மயக்க மருந்தின் கதை இன்னும் வேதனையானது. அமெரிக்காவில் அதைத் தயாரித்துவந்த ஒரே நிறுவனமான ஹோஸ்பிரா, உற்பத்தியை இத்தாலிக்கு மாற்றவிருந்தது. அமெரிக்காவில் மரண தண்டனைக்கு அம்மருந்து பயன்படுத்தப்படாது என்று இத்தாலிய அரசு கேட்ட உறுதியைத் தர இயலாமல் 2011 ஜனவரியில் உற்பத்தியையே கைவிட்டது. தண்டனையைப் பற்றிய அந்த நியாயமான கவலையின் விலையை, அதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத நோயாளிகளும் கொடுக்க நேர்ந்தது.

ஒரு மருந்துக்குப் பதில் இன்னொன்று என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. தசைத் தளர்வு மருந்தான சக்சினைல்கோலினைச் செலுத்துமுன் ஒரு கணுக்காலில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி இறுக்குவார்கள். மருந்து எட்டாத அந்தப் பாதம் மட்டும் துடிக்கும், வலிப்பின் நீளத்தை அறிய, துடிப்பு எத்தனை விநாடி நீடிக்கிறது என்று எண்ணுவார்கள். வாரம் இரண்டு மூன்று முறையாக 6 முதல் 12 அமர்வுகள் வரை நீளும் சிகிச்சையின் நடுவே புரோபோஃபாலுக்கு மாறினால், அதே மின்னளவில் பாதம் முன்னதாகவே அடங்கிவிடக்கூடும். மின்னளவைக் கூட்டினால் நினைவுக் குழப்பம் மிகுமோ என்ற அச்சம் எழும். அதனால் சிலர் முதலில் நோயாளிக்கு வேகமாகச் செயற்கைச் சுவாசம் அளித்து, இரத்தத்தில் கரியமில வாயுவைக் குறைத்து வலிப்பை நீட்டிக்க முயல்கிறார்கள். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து வலிப்பை நீட்டிக்கும் என்றாலும் அட்ரீனல் சுரப்பியின் கார்ட்டிசால் ஹார்மோன் உற்பத்தியைச் சில மணி நேரம் அடக்கும். இன்னொரு மயக்க மருந்தான கெட்டமின், வலிப்பின்போது ஏற்கெனவே உயரும் இரத்த அழுத்தத்தை மேலும் ஏற்றக்கூடும்.

வலிப்பின் நீளம் மட்டுமே பலனைத் தீர்மானிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும், மருந்து மாறிய நாளையும் அளவையும் மயக்கவியல் மருத்துவர் மனநல மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும் என்பேன். தெரிவிக்காவிட்டால், மருந்தால் குறுகிய வலிப்பை நோயாளியின் மூளையில் நேர்ந்த மாற்றமாகக் கருதி, அடுத்த அமர்வில் தேவையின்றி மின்னளவைக் கூட்டிவிடுவார்கள்.