பீப்பாய்க் கடற்பஞ்சு: பெயர் வரைந்த வரைபடம்

பீப்பாய்க் கடற்பஞ்சின் பரம்பல் வரைபடம் பார்ப்பதற்கு மிக எளிமையானது. செங்கடலிலும் கிழக்கு ஆபிரிக்கக் கரையிலும் தொடங்கி இலங்கை, தாய்லாந்து, இந்தோனேசியா வழியாக அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரை வரை ஒரே நிறத்தைத் தீட்டியிருப்பார்கள். அந்த நிறத்துக்குரிய பெயர் செஸ்டோஸ்பாஞ்சியா டெஸ்டுடினாரியா. கரீபியன் கடலுக்கு மட்டும் வேறு நிறம். அங்கே வாழ்வது செஸ்டோஸ்பாஞ்சியா மியூட்டா. இரண்டு கடற்பரப்புகள், இரண்டு இனங்கள். இவ்வளவு ஒழுங்கான வரைபடத்தைக் கண்டால் அதை வரைந்தது எது என்று கேட்கத் தோன்றுகிறது. கடலா, அல்லது நூதனசாலையில் ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டா?

கடற்பஞ்சு ஒரு விலங்கு. அதற்கு வாய், குடல், நரம்பு, தசை எதுவும் இல்லை. உடல் முழுவதும் உள்ள நுண்துளைகளால் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள பற்றீரியாக்களையும் நுண்துணிக்கைகளையும் வடித்து உண்டு, எஞ்சிய நீரை மேலேயுள்ள பெரிய திறப்பால் வெளியேற்றுகிறது. 1825 வாக்கில் எடின்பரோவில் ராபர்ட் கிராண்ட் இந்த நீரோட்டத்தைத் தன் கண்ணால் பார்த்து எழுதும்வரை, இவை தாவரமா விலங்கா என்பதே வாதத்துக்குரியதாக இருந்தது. ஆகவே 1815இல் பிரான்சின் விலங்கியலாளர் லமார்க், ஓர் ஆளை உள்ளே உட்காரவைக்கக்கூடிய அளவுக்கு வளரும் இந்தப் பீப்பாயை அல்சியோனியம் என்ற சாதியில் (நெருங்கிய இனங்களின் தொகுதி; பெயரின் முதற்சொல் அதுவே) சேர்த்ததைக் குறைசொல்ல முடியாது. இன்று அந்தச் சாதிப்பெயர் மென்பவளங்களுக்கு உரியது. பிறகு இந்த இனம் கடற்பஞ்சுகளின் பக்கம் நகர்த்தப்பட்டு நீண்ட காலம் பெட்ரோசியா என்ற சாதியில் இருந்தது. 1932இல் டி லோபன்ஃபெல்ஸ் உருவாக்கிய செஸ்டோஸ்பாஞ்சியா என்ற சாதிக்குள் அதன் பின்னரே வந்து சேர்ந்தது.

இந்த இடப்பெயர்ச்சிகளின் தடயம் பெயரிலேயே இருக்கிறது. விலங்கியல் நூல்களில் இதை செஸ்டோஸ்பாஞ்சியா டெஸ்டுடினாரியா (லமார்க், 1815) என்று அடைப்புக்குறியிட்டு எழுதுவார்கள். முதலில் பெயரிட்டவர் லமார்க், ஆனால் அவர் வைத்த சாதியில் இது இப்போது இல்லை என்பதே அந்த அடைப்புக்குறியின் பொருள். அடைப்புக்குறி இல்லாவிட்டால் இனம் பிறந்த வீட்டிலேயே இருக்கிறது என்று கொள்ளலாம். மன்னார் வளைகுடா பற்றிய பழைய பட்டியல்களை இன்றைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுபவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். பெட்ரோசியா என்றும் தேட வேண்டும்.

கடற்பஞ்சை இனங்காண்பது எப்படி? வெளித்தோற்றம் உதவும், ஆனால் ஏமாற்றும். ஒரே இனம் அமைதியான நீரில் ஒரு வடிவிலும் அலை மோதும் இடத்தில் இன்னொரு வடிவிலும் வளரும். அதனால் எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கடற்பஞ்சுகளின் உடலுக்குள் சிலிக்காவால் ஆன நுண்முட்கள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. விரல் நகமளவு துண்டொன்றைத் துணி வெளுக்கும் திரவத்தில் இட்டால் மென்பகுதி கரைந்துவிடும், முட்கள் மட்டும் அடியில் தங்கும். அவற்றைக் கழுவி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், இரு முனையும் கூரானவை, ஒரு முனை மழுங்கியவை, நட்சத்திர வடிவானவை, நங்கூரம் போல வளைந்தவை என்று வகைவகையாகத் தெரியும். எந்த வகைகள் சேர்ந்திருக்கின்றன, அவற்றின் நீளம் என்ன, எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை வைத்தே நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தத் துறை நடந்து வந்திருக்கிறது. 2002இல் ஜோன் ஹூப்பரும் ராப் வான் ஸூஸ்டும் தொகுத்த பெருநூலும் பெரும்பாலும் இந்த அடித்தளத்தில்தான் சாதிகளை வரையறுத்தது.

பீப்பாய்க் கடற்பஞ்சிடம் இந்த முறை தடுமாறுகிறது. அதன் முட்கள் பெரும்பாலும் ஒரே வகை: எளிய, இரு முனைக் கம்பிகள். நீளம் ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கைச் சுற்றியே வருகிறது. நட்சத்திரமும் இல்லை, நங்கூரமும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பண்புகளே போதாதபோது, வெவ்வேறு கடல்களிலிருந்து வந்த மாதிரிகளை ஒரே பெயரில் போடுவது வகைப்பாட்டாளருக்கு நேர்மையான முடிவுதான். நிறமும் கைகொடுப்பதில்லை. வெளியே தெரியும் செம்பழுப்பு நிறத்துக்குப் பெரிய காரணம், மேற்படையில் குடியிருக்கும் ஒளித்தொகுப்புச் செய்யும் நீலப்பச்சை பற்றீரியாக்கள். அவை குறைந்தால் கடற்பஞ்சு வெளிறிப்போகும். மேற்பரப்போ ஒன்றில் வழுவழுப்பாக, இன்னொன்றில் செங்குத்து மடிப்புகளாக, வேறொன்றில் விரல் விரலாக நீண்டு இருக்கும். வயது காரணமா, இடம் காரணமா, இனமே வேறா என்று பார்வையால் சொல்ல முடியாது. வயதும் சாதாரணமானதல்ல. கரீபியன் உறவினமான மியூட்டாவின் வளர்ச்சி வேகத்தை அளந்து 2008இல் வெளியான ஆய்வு, மிகப் பெரிய ஒரு கடற்பஞ்சின் வயது 2,300 ஆண்டுகள் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது.

வரைபடத்தின் மீது உண்மையான சந்தேகத்தைக் கிளப்புவது இனப்பெருக்கம். வளர்ந்த கடற்பஞ்சு பாறையை விட்டு நகராது. பரவ வேண்டுமானால் முட்டையும் குடம்பியும்தான் பரவ வேண்டும். பெரும்பாலான கடற்பஞ்சுக் குடம்பிகள் உணவு உண்பதில்லை; சில மணி நேரமோ சில நாட்களோ நீந்திவிட்டு ஒட்டிக்கொள்கின்றன. பீப்பாய்க் கடற்பஞ்சில் ஆணும் பெண்ணும் வேறு. பெண் வெளியிடும் முட்டைகள் நீரைவிடக் கனமானவை, தாய்க்கு அருகிலேயே கீழே படிகின்றன. இப்படிப்பட்ட உயிரினம் இந்து சமுத்திரத்தைத் தாண்டுவது எங்ஙனம்?

இலங்கையைச் சுற்றி நீரோட்டத்துக்குக் குறைவில்லை என்பது வேறு விடயம். தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் தீவின் தெற்கே நீர் கிழக்கு நோக்கி ஓடி வங்காள விரிகுடாவுக்குள் நுழைகிறது. வடகீழ் பருவப்பெயர்ச்சியில் அதே வழியில் மேற்கு நோக்கித் திரும்புகிறது. ஆண்டுக்கு இருமுறை திசை மாறும் இப்படியொரு பாதையின் நடுவில் அமர்ந்திருக்கும் தீவு, இரு பக்கத்து இனங்களும் சந்திக்கும் இடமாக இருக்கலாம். ஆனால் நீரோட்டம் எவ்வளவு விரைவாக இருந்தாலும் சில நாள் ஆயுளுள்ள குடம்பி சில நாள் தூரம்தான் போகும். தலைமுறை தலைமுறையாகத் திட்டுக்குத் திட்டு தாவித்தான் சமுத்திரத்தைக் கடக்க முடியும். அதற்கு எடுக்கும் காலத்தில் இடையில் தொடர்பு அறுந்து, தனித்தனி இனங்களாகப் பிரிவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

டி.என்.ஏ. இங்கே உதவிக்கு வந்தது, அதுவும் எளிதில் அல்ல. மற்ற விலங்குகளில் இனங்களைப் பிரிக்கப் பயன்படும் இழைமணி மரபணு, கடற்பஞ்சுகளில் மிக மெதுவாகவே மாறுகிறது. மீனில் இரண்டு இனங்களைத் தெளிவாகப் பிரித்துக்காட்டும் துண்டு, கடற்பஞ்சில் ஓரிரு எழுத்து வித்தியாசத்தோடு நின்றுவிடும். எனவே அதோடு கலக்கருவிலுள்ள மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. தான்சானியா முதல் தாய்வான் வரையும், கரீபியனிலிருந்தும் எடுத்த மாதிரிகளை வைத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவு பழைய வரைபடத்தைக் கலைத்துவிட்டது. ஒரே திட்டில் அருகருகே நிற்கும் இரண்டு பீப்பாய்கள் மரபணு வழியில் தூரத்து உறவாக இருக்கலாம். அவற்றில் ஒன்றின் நெருங்கிய சொந்தம் வேறொரு சமுத்திரத்தில் இருக்கலாம். டெஸ்டுடினாரியா இந்தப் பக்கம், மியூட்டா அந்தப் பக்கம் என்ற கோடு நிற்கவில்லை. இரு பக்கமும் பல இனங்கள் கலந்த ஒரு தொகுதியே இருக்கிறது. வெள்ளவத்தையில் "சிவா அண்ணையின் கடை எங்கே?" என்று கேட்டால் நான்கு பேர் நான்கு திசையைக் காட்டக்கூடும், யாரும் பொய் சொல்லவில்லை, கடைகள்தான் நான்கு. டெஸ்டுடினாரியா என்ற பெயரின் நிலையும் ஏறத்தாழ அதுதான்.

அத்திலாந்திக்கையும் பசிபிக்கையும் பிரிக்கும் பனாமாத் தரைத்தொடுப்பு ஏறத்தாழ 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மூடியது. இந்தப் பரம்பரைகளின் பிரிவு அதற்கும் முந்தியது என்று கொண்டால் முடிச்சு அவிழ்கிறது. குடம்பி சமுத்திரத்தைத் தாண்டவில்லை; கடல்கள் பிரிவதற்கு முன்பே மூதாதையர் இரு பக்கமும் இருந்திருக்கிறார்கள். காண்ட்ரில்லா நியூகுலா என்ற இன்னொரு கடற்பஞ்சின் கதையும் இதுவே: உலகெங்கும் உண்டு என்று எண்ணப்பட்ட அதுவும் பல இனங்களின் கூட்டு என்று 1999இலேயே காட்டப்பட்டுவிட்டது.

இதில் நமது கடலுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. 1891க்குப் பிறகு மன்னார் முத்துப்பார்களில் குளிப்பு நடக்காமல் போனதால், காரணம் தேடி லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனை இலங்கை அரசு வரவழைத்தது. 1902இல் அவர் சேகரித்த கடற்பஞ்சுகளை விலங்கியலாளர் ஆதர் டெண்டி ஆராய்ந்து 1905இல் வெளியிட்ட அறிக்கையில் புதிய இனங்கள் பல உள்ளன. முத்துக்கும் கடற்பஞ்சுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சிப்பியின் ஓட்டைத் துளைத்து வாழும் கடற்பஞ்சுகள் உண்டு, அவற்றால் முத்துச்சிப்பிக்குச் சேதம்.

அதற்கு முன்பே, 1889இல், மன்னார் வளைகுடாவிலிருந்து கிடைத்த செம்மஞ்சள் நிறக் கடற்பஞ்சொன்றுக்கு டெண்டி அகந்தெல்லா கார்ட்டெரி என்று பெயரிட்டிருந்தார். இன்று அது ஸ்டைலிஸ்ஸா கார்ட்டெரி. செங்கடலிலிருந்து பசிபிக் வரை அதே பெயரில் பதிவாகியிருக்கிறது. நாளை அதுவும் பல இனங்களாக உடைந்தால் "கார்ட்டெரி" என்ற பெயர் யாருக்குப் போகும்? விதி தெளிவானது: முதல் விவரிப்புக்கு அடிப்படையான மூலமாதிரி எந்த இனமோ, அதற்கே பெயர். செங்கடல்காரருக்கும் இந்தோனேசியருக்கும் புதுப்பெயர் தேவைப்படலாம், மன்னாருக்கு அல்ல. நூறாண்டுக்கு மேல் பழைய மாதிரியில் டி.என்.ஏ. சிதைந்திருக்கும் என்பதால், அதே கடலிலிருந்து புதிய மாதிரி இல்லாமல் இந்த வழக்கைத் தீர்ப்பது கடினம்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இது வெறும் நூதனசாலைப் பிரச்சினை அல்ல. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கியபோது, நீரை வடித்து உண்ணும் உயிரினங்களுக்கு என்ன ஆனது என்ற கேள்வி எழுந்தது. முன்பு எந்த இனம் எங்கே இருந்தது என்ற பட்டியல் இல்லாமல் எது அழிந்தது என்று சொல்ல முடியாது. நான்கு இனங்களை ஒரே பெயரில் எண்ணியிருந்தால் ஒன்று மறைந்தாலும் எண்ணிக்கைப் புத்தகத்தில் அது தெரியவே தெரியாது.

சேகரிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. உரிய அனுமதிதான் வேண்டும். முதலில் நீருக்குள்ளேயே படம் எடுக்க வேண்டும், ஏனெனில் அற்ககோலில் நிறம் போய்விடும். பிறகு ஆழத்தையும் இடத்தையும் குறித்து, விரல் நகமளவு துண்டை வெட்டி, நீர் கலக்காத அற்ககோலில் இட்டு, முதல் நாளிலேயே அதை ஒருமுறை மாற்ற வேண்டும். கடற்பஞ்சின் உடலிலுள்ள நீர் அற்ககோலை நீர்த்துப்போகச் செய்யும். போமலின் வேண்டாம், அது முட்களுக்குக் கெடுதல் செய்யாவிட்டாலும் டி.என்.ஏ.யைக் கெடுத்துவிடும்.