ஆல்பம்: தொகுப்பா, கோவையா?

லண்டனைச் சேர்ந்த ஜாமிரோகுவாய் இசைக்குழு 1994-இல் வெளியிட்ட 'த ரிட்டர்ன் ஆஃப் த ஸ்பேஸ் கௌபாய்' என்ற ஆல்பம் பற்றித் தமிழில் ஒரு குறிப்பைப் படித்தேன். 'ஜாஸ்-ஃபங்க் குழுவின் இரண்டாவது படப்பிடிப்புக்கூடத் தொகுப்பு' என்று இருந்தது. ஆங்கிலத்தில் 'ஸ்டூடியோ ஆல்பம்' என்று இருந்திருக்க வேண்டும். படம் எங்கே வந்தது, பிடிப்பு எங்கே வந்தது? ஸ்டூடியோ என்றால் சினிமா ஸ்டூடியோதான் என்று எழுதியவர் முடிவுகட்டிவிட்டார். அதையாவது கவனக்குறைவு என்று விடலாம். ஆல்பத்தைக் கண்ட இடமெல்லாம் 'தொகுப்பு' என்று எழுதும் பழக்கத்தை அப்படி விட முடியவில்லை.

இலத்தீனில் 'அல்புஸ்' என்றால் வெண்மை. ரோமாபுரியில் பொது அறிவிப்புகளை எழுதி வைத்த வெள்ளைப் பலகைக்கு 'ஆல்பம்' என்று பெயர். பின்னால் அது நண்பர்களிடம் கையெழுத்து வாங்கும் ஏட்டுக்கும், பிறகு புகைப்படம் ஒட்டும் ஏட்டுக்கும் பெயரானது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிட இசைதான் அடங்கும். நீண்ட இசைக்குப் பல தட்டுகள் வேண்டும். அவற்றை ஏடு போலக் கட்டி விற்றார்கள். பழைய பொருள் கடை ஒன்றில் அப்படி ஒன்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். கெட்டி அட்டை, உள்ளே பழுப்புத் தாள் உறைகள், தட்டின் நடுவில் ஒட்டிய பெயர்ச்சீட்டைப் படிக்க ஒவ்வோர் உறையிலும் வட்டமாக ஒரு துளை. 1948-இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. எனப்படும் நெடுந்தட்டைக் கொண்டுவந்தபோது அவ்வளவும் ஒரே தட்டில் அடங்கியது. ஏடு போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

இனி தமிழுக்கு வருகிறேன். தொகுத்தல் என்பது வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு காலத்தில் பிறந்தவற்றை ஒருவர் பிறகு ஒன்றுசேர்ப்பது. குறுந்தொகையில் இருக்கும் புலவர்கள் இருநூறு பேருக்கு மேல். அவர்கள் கூடிப் பேசி எழுதியதில்லை, பின்னாளில் பூரிக்கோ தொகுத்தார். இசையிலும் இதற்கு நேரான ஒன்று உண்டு. இதே ஜாமிரோகுவாய் 2006-இல் தன் புகழ்பெற்ற தனிப்பாடல்களைத் திரட்டி வெளியிட்டது. அது தொகுப்பு. 1994-இல் வந்ததும் தொகுப்பு என்றால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் ஒரே பட்டியலில் வரும்போது மொழிபெயர்ப்பாளர் 'தொகுப்புத் தொகுப்பு' என்றா எழுதுவார்? ஏற்கெனவே படத்தொகுப்பு, தொகுப்பூதியம், தொகுப்பு வீடு, நிகழ்ச்சித் தொகுப்பாளர் என்று அந்தச் சொல் சுமக்காத சுமையில்லை.

1994-ஆம் ஆண்டு வெளியீட்டில் பதினொரு உருப்படிகள். முதல் பாட்டே எட்டு நிமிடத்தைத் தாண்டும். நடுவில் குழுவின் வாலிஸ் புக்கானன் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட ஊதுகுழலான டிட்ஜெரிடூவை ஊத, பாட்டு வரியே இல்லாமல் ஒரு பயணம். குழுவே முடிவு செய்த வரிசை அது. இதற்குத் தமிழில் நல்ல பெயர் காத்திருக்கிறது: கோவை. திருக்கோவையாரின் நானூறு பாடல்களையும் மாணிக்கவாசகர் ஒருவரே பாடினார். காதலர் முதன்முதலில் கூடும் இயற்கைப் புணர்ச்சியில் தொடங்கி, தலைவன் பரத்தையை நாடிப் பிரியும் பரத்தையிற் பிரிவு வரை ஒரே நூலில் கோத்த மணிகள் அவை. ஒன்றை இடம் மாற்றினால் கதை அறுந்துவிடும். கோத்தவர் கையும் வரிசையும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. எனவே ஆல்பம் இசைக்கோவை. பழையதைத் திரட்டியது இசைத்திரட்டு. கச்சேரியில் பதிந்தது மேடைப்பதிவு. கோவை என்றால் கோயம்புத்தூர் நினைவுக்கு வரும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். 'இசைக்கோவை' என்று சேர்த்து எழுதினால் யாரும் ரயில் டிக்கெட் எடுக்கப் போவதில்லை.

'ஸ்டூடியோ'வைக் 'கலையகம்' என்று பெயர்ப்பதும் எனக்கு உவப்பில்லை. ஓவியரின் அறையும் கலையகம்தான். ஒலிப்பதிவுக்கூடம் என்ற தெளிவான சொல் அச்சில் பல காலமாக இருக்கிறது. ஆனால் இங்கே அதுவும் தேவையில்லை. மேடையில் பதிந்ததை மேடைப்பதிவு என்று தனியே குறித்துவிட்டால், மற்றது கூடத்தில் பதிந்தது என்பது தானே விளங்கும்.

ஆல்பம் என்றே எழுதிவிட்டுப் போகலாமே என்றால், நம்மிடையே அந்தச் சொல்லும் தலைகீழாகிவிட்டது. சினிமாவில் வராத ஒற்றைப் பாட்டை, காணொளியோடு வெளியிட்டதும், 'ஆல்பம் பாடல்' என்கிறோம். பல பாடல்களைக் கட்டிவைத்த ஏட்டின் பெயர், துணைக்கு ஒரு பாட்டுகூட இல்லாததற்குப் பெயராகிவிட்டது. இந்த நிலையில் 'இரண்டாவது ஆல்பம்' என்று படிக்கும் இளைஞர், அந்தக் குழு இரண்டாவதாக ஒரு பாட்டு வெளியிட்டது என்றுதான் புரிந்துகொள்வார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மூலத்தில் இருக்கும் சொல்லுக்கு எதிரே அகராதியின் முதல் பொருளை வைத்துவிட்டு அடுத்த வரிக்கு நகரும் மொழிபெயர்ப்பாளர்கள்மேல்தான் எனக்குக் கோபம். அந்தப் பாட்டுகளில் ஒன்றைக் கேட்டிருந்தால்கூடப் படப்பிடிப்பு என்று கை எழுதியிருக்காது.

அந்தக் குறிப்பை நான் இப்படித் திருத்துவேன்: ஜாஸ்-ஃபங்க் இசைக்குழுவான ஜாமிரோகுவாயின் இரண்டாவது இசைக்கோவை 1994-இல் வெளியானது.