சுவருக்குள் வளரும் படிகம்: வெளிப்பூச்சு ஏன் உதிர்கிறது?

நாகப்பட்டினத்தில் கடலுக்கு அருகில் வசிக்கும் வாசகர் ஒருவர், தமது வீட்டின் வெளிச்சுவரில் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி உயரம் வரை ஒவ்வோர் ஆண்டும் பெயிண்ட் உப்பி உரிவதாகவும், உரிந்த இடத்தில் வெள்ளைத் தூள் பூத்துப் பூச்சே மணலாக உதிர்வதாகவும், விலை கூடிய பெயிண்டுக்கு மாறியும் பலனில்லை என்றும் எழுதிக் காரணம் கேட்டிருக்கிறார். குறை பெயிண்டில் இல்லை. சுவருக்குள் இருக்கும் உப்பு நீரில் கரைந்து மேலேறி, நீர் ஆவியானதும் படிகமாகும்போது பூச்சை உள்ளிருந்து உடைக்கிறது. கடற்கரை வீடுகளில் மட்டுமன்றி, உவர்நிலத்திலும் உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரிலும் கட்டப்பட்ட உள்நாட்டு வீடுகளிலும் இதைக் காணலாம்.

நீர் மேலேறுவது நாம் பள்ளியில் படித்த நுண்புழை ஏற்றத்தால்தான். துளையின் ஆரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளையில் கணக்குப்படி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஏறலாம். செங்கல்லிலும் கலவையிலும் அதைவிட நுண்ணிய துளைகள் ஏராளமாக உள்ளன. ஆயினும் வழியெல்லாம் சுவரின் முகத்திலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், கீழிருந்து வரும் நீரும் ஆவியாகும் நீரும் சமமாகும் உயரத்தில் ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், நின்றுவிடுகிறது. வாசகர் குறிப்பிடும் மூன்றடி அந்தச் சமநிலையின் உயரம். ஆவியாவது நீர் மட்டுமே. அது சுமந்து வந்த உப்பு அங்கேயே தங்கி, ஆண்டுக்கு ஆண்டு சேர்கிறது.

உப்பு வரும் வழிகள் பல. கடற்காற்று, நிலத்தடி நீர், சரியாக வேகாத செங்கல், கழுவாத மணல், சிமென்ட், கழிவுநீர்த் தொட்டியின் கசிவு என எல்லாமே தம் பங்கைத் தருகின்றன. கட்டுமானத்துக்குப் பயன்படும் நீரில் சல்பேட் ஒரு லிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, குளோரைடு கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 வரையறுத்திருக்கிறது. வாயில் வைத்தாலே உவர்ப்பது தெரியும் நீரைக் கொண்டு கலவை குழைத்து, அதே நீரால் நாள்கணக்கில் பூச்சை நனைத்தால், வீடு கட்டும்போதே உப்பையும் சேர்த்துக் கட்டியவர்களாகிறோம்.

கரைசலிலிருந்து படிகம் உண்டாவது எளிய செய்தி. ஆனால் அந்தப் படிகம் ஏன் சுவரைத் தள்ள வேண்டும் என்பதுதான் இதில் மிக அழகான கேள்வி. துளைக்குள் வளரும் படிகம் சுவரைத் தொட்டதும் அந்தப் பக்கத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, காலியிடம் இருக்கும் திசையில் வளரலாமே? கல்லைப் பிளக்கும் வேலையை அது ஏன் மேற்கொள்கிறது?

1905ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர்கள் பெக்கரும் டேயும், கரைசலில் வளரும் படிகாரப் படிகத்தின் மேல் ஒரு கிலோ எடையை வைத்தபோது, வளரும் படிகம் அந்த எடையை உயர்த்தியதைக் கண்டார்கள். எடை அழுத்திக்கொண்டிருக்கும் முகத்திலும் படிகம் வளர்ந்திருக்கிறது என்பதே இதன் பொருள். ஜெர்மானியரான காரென்ஸ் 1939இல் ஸ்டைன்போர்னுடன் இதை அளந்து, படிகம் செலுத்தும் அழுத்தத்தைக் கரைசலின் செறிவோடு இணைத்துக் காட்டினார். இனி உப்பு கரையாது என்னும் தெவிட்டிய நிலையைக் கடந்து, கரைசல் எந்த அளவுக்கு மீதெவிட்டிய நிலையில் (கூடுதல் உப்பைத் தாங்கிய நிலையில்) இருக்கிறதோ, அந்த அளவுக்கு அழுத்தமும் கூடும்.

இதற்கு அடிப்படையாக இருப்பது மிக மெல்லிய ஒரு நீர்ப்படலம். படிகத்துக்கும் துளையின் சுவருக்கும் இடையே உள்ள மேற்பரப்பு விசைகள், பொதுவாக, அவ்விரண்டையும் ஒன்றையொன்று விலக்குகின்றன. அதனால் அவை முழுமையாக ஒட்டிக்கொள்ளாமல், சில நானோமீட்டர் தடிமனுள்ள கரைசல் படலம் இடையில் நிலைத்து நிற்கிறது. அந்தப் படலத்தின் வழியாக உப்பின் அயனிகள் ஊடுருவி வந்து, அழுத்தத்துக்கு உள்ளாகியிருக்கும் முகத்திலேயே அடுக்கடுக்காகப் படிகின்றன. படலம் இல்லாமல் படிகம் சுவரோடு ஒட்டிவிட்டால் அந்த முகத்துக்கு உப்பு வந்து சேர வழியில்லை. வளர்ச்சியும் இல்லை, அழுத்தமும் இல்லை. இடைவெளியைக் காக்கும் விலக்கு விசையே தள்ளும் விசையாகவும் மாறுகிறது என்பதை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. சாதாரணப் பூச்சைப் பிளக்கச் சில மெகாபாஸ்கல் இழுவிசையே போதுமானது. நன்கு மீதெவிட்டிய கரைசலில் வளரும் படிகமோ, கோட்பாட்டின்படி, 10 மெகாபாஸ்கலுக்கும் மேல் அழுத்த வல்லது.

உப்புகளில் மிகக் கொடியது சோடியம் சல்பேட். 32.4 பாகை செல்சியசுக்கு மேல் அது நீரற்ற படிகமாக இருக்கும். அதற்குக் கீழே, ஈரம் கிடைத்தால், பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு மூன்று மடங்குக்கும் கூடுதலான பருமன் கொண்ட படிகமாகும். நண்பகல் வெயிலில் காய்ந்த மேற்குச் சுவரில் நீரற்ற படிகம் இருக்க, மாலையில் மழை பெய்து சுவர் குளிர்ந்தால், அந்தப் படிகம் கரைந்து உண்டாகும் கரைசல் நீருள்ள படிகத்தைப் பொறுத்தவரை மிகக் கடுமையாக மீதெவிட்டியதாகிவிடுகிறது. உடனே புதிய படிகங்கள் விரைந்து வளர்ந்து துளையை நெரிக்கின்றன. கான்கிரீட்டில் இடும் ஜல்லியின் உறுதியைச் சோதிக்கப் பொறியாளர்கள் அதைச் சோடியம் சல்பேட் கரைசலில் மாறி மாறி ஊறவைத்து உலர்த்துவது இந்தக் காரணத்தால்தான். சோதனைக்கூடத்தில் கல்லை வருத்த அவர்கள் செய்வதை நம் ஊர் வெயிலும் மழையும் வீட்டுச் சுவருக்குச் செய்கின்றன.

சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடுக்கு மழைகூடத் தேவையில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரையும்; அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். கடற்கரை ஊர்களில் இரவுக்கும் பகலுக்கும் இடையே ஈரப்பதம் இந்த எல்லையை அடிக்கடி கடப்பதால், நிலத்திலிருந்து ஒரு சொட்டு நீர் ஏறாத கோடையிலும் அழிவு தொடர்கிறது.

இனி பெயிண்டுக்கு வருவோம். ஆவியாகும் இடம் சுவரின் முகமாக இருந்தால் உப்பு வெளியே தூளாகப் பூக்கும். அது பார்வைக்கு அழகில்லை என்றாலும் சுவருக்குப் பெரும் கேடு செய்யாது. ஆவியாகும் இடம் உள்ளே பின்வாங்கினால் படிகங்கள் பூச்சுக்குள் வளர்ந்து அதைப் பெயர்க்கும். நீராவியை எளிதில் விடாத பெயிண்ட் இந்த இரண்டாம் நிலையையே உண்டாக்குகிறது. ஓதம் ஏறிய பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் கெட்டியான சிமென்ட் பூச்சுப் பூசுவதும் அத்தகையதே: வெளியேற வழியடைபட்ட நீர் பூச்சின் மேல் விளிம்பைத் தாண்டி இன்னும் உயரத்துக்கு ஏறும். நம் பழைய கொத்தனார்கள் பூசிய சுண்ணாம்புக் காரை துளைகள் நிறைந்தது, சிமென்டைவிட மென்மையானது. உப்பின் அழிவைத் தான் ஏற்றுச் செங்கல்லைக் காத்தது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பதும் எளிதாக இருந்தது. அந்தக் கைத்திறனைப் பிற்போக்கு என்று ஒதுக்கியது நாம் செய்த பெரிய தவறு என்றே நான் கருதுகிறேன்.

சுவர் பொரிந்த வீட்டை வாஸ்துக் குறையுள்ள வீடென்று சொல்லிப் பரிகாரத்துக்கும் வாசலை இடித்து மாற்றுவதற்கும் பணம் வாங்குவோரை நம்ப வேண்டாம் என்று வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன். அந்தத் தொகையில் சிறு பங்கு இருந்தால் சுவர்த்தூளில் குளோரைடும் சல்பேட்டும் எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் அறிந்துவிடலாம். தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமும், சென்னை ஐஐடியில் மரபுக் கட்டடங்களின் பாதுகாப்புக்கான மையமும் நம்மிடையே இருக்கின்றன. கடற்கரை மாவட்டங்களின் எளிய வீடுகளுக்கு எந்தக் கலவை, எந்தப் பூச்சு தாங்கும் என்று ஆண்டுக்கணக்கில் சோதித்துக் கொத்தனார்களின் கையில் சேர்க்கும் பணிக்கு அரசு தாராளமாக நிதி தர வேண்டும். பெயிண்ட் விற்பவர்கள் செய்யும் ஆய்வு பெயிண்டைப் பற்றியதாகவே இருக்கும்.

பழுதுபார்ப்பதற்கு முன் நீர் வரும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். உடைந்த மழைநீர்க் குழாய், சுவரையொட்டிய பூச்செடிப் பாத்தி, வீட்டை நோக்கிச் சரியும் தரை, கசியும் தொட்டி ஆகியவற்றைச் சரிசெய்தாலே பல சுவர்கள் தேறிவிடும். அடித்தளத்துக்கு மேல் இட வேண்டிய ஓதத் தடுப்பு அடுக்கு இல்லாத பழைய வீடுகளில், சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு நீரை விலக்கும் சிலேன் வகை வேதிப்பொருளைச் செலுத்தலாம். பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து மீண்டும் உள்ளே போகும். ஆகவே காய்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்கி, தூளை அள்ளித் தொலைவில் கொட்ட வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றித் தேய்ப்பது குளோரைடை மேலும் சேர்ப்பதாகும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லிலிருந்து உப்பை எடுக்கத் தொல்லியல் துறை ஈரக் காகிதக் கூழை அப்பி உலரவிடும் முறையைப் பயன்படுத்துகிறது. கூழ் உலரும்போது ஆவியாகும் இடம் கல்லிலிருந்து கூழுக்கு நகர்வதால், உப்பும் கூழில் வந்து படிகமாகிறது. வீட்டுச் சுவரின் சிறு பகுதிகளுக்கும் இது பொருந்தும்.

உப்பேறிய பூச்சைக் கறை தெரியும் உயரத்துக்கு மேல் ஓரடிக்குக் குறையாமல் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளைச் சுரண்டி, சுவரை நன்றாக உலரவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை மாதத்தில் கொத்தினால், கோடை முழுவதும் உலரக் காலம் கிடைக்கும். பிறகு நல்ல நீரில் குழைத்த சுண்ணாம்புக் கலவையைப் பூசி, அதன் மேல் வெறும் சுண்ணாம்போ, நீராவியை விடும் சிலிகேட் பெயிண்டோ அடிக்கலாம். முதல் ஓரிரு ஆண்டுகளில் மீதமுள்ள உப்பு முகத்தில் சிறிது பூக்கும். அதைக் காயவைத்துப் பெருக்கினால் போதும், மேலே பட்டி பார்த்து மூட வேண்டாம்.