உழாத நிலத்துக்கு என்ன சான்று?

பொள்ளாச்சியில் வக்கீலாக இருக்கிறேன். ஆனைமலைக் காட்டுக்குள் இருக்கும் காடர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு வன உரிமை மனு எழுதிக் கொடுக்கப் போய்வருவது சில வருடப் பழக்கம். முதல் மனுவுக்கு உட்கார்ந்த அன்றே மாட்டிக்கொண்டேன். “எத்தனை ஏக்கர் அனுபவத்துல இருக்குங்க?” என்று ஊர்த் தலைவரான மூப்பரிடம் கேட்டேன். அவர் பக்கத்தில் இருந்த பாட்டியைப் பார்த்தார். இருவருமாகச் சேர்ந்து தேன் எடுக்கும் பாறை, குங்கிலியம் எடுக்கும் மரம், கிழங்கு தோண்டும் சரிவு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள். நாற்பது இடங்களுக்கு மேல் எழுதினேன். ஏக்கர் கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது.

தப்பு என்னுடையது. விவசாயியிடம் கேட்கும் கேள்வியை, தேனும் கிழங்கும் தேடி வாழ்ந்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் இதே தப்பை அலுவலகம் செய்தால் மனு தள்ளுபடியாகிவிடும். நான் பார்த்த ஒரு நிராகரிப்புக் கடிதத்தில் ஒரே வரிதான்: சாகுபடிக்கான தடயம் செயற்கைக்கோள் படத்தில் இல்லை. எப்படி இருக்கும்? மரத்தை வெட்டி உழுதிருந்தால் படத்தில் விழுந்திருக்கும். கிழங்கைத் தோண்டிவிட்டு, அடுத்த வருடம் முளைக்கட்டும் என்று கொடியின் தலையை அதே குழியில் புதைத்துவிட்டு வந்தவரின் தடயத்தை எந்தப் படம் காட்டும்?

சட்டம் இவ்வளவு குருடு இல்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேன், மெழுகு, மூங்கில், கிழங்கு, மூலிகை போன்ற சிறுவன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை தருகிறது. வேட்டைக்கு மட்டும் இடமில்லை. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டில் வசித்த, காட்டை நம்பி வாழும் பழங்குடிகள் மனு கொடுக்கலாம். சான்று என்றால் பட்டா, ரசீதுதான் என்று இல்லை. இடுகாடு, சாமி இருக்கும் இடம், பழைய கிணறு, மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாமே விதிப்படி சான்றுதான். 2012 திருத்தம் இன்னும் தெளிவு: குறிப்பிட்ட ஓர் ஆவணம்தான் வேண்டும் என்று கேட்கக் கூடாது, செயற்கைக்கோள் படம் மற்ற சான்றுகளுக்குத் துணையாக வரலாம், அவற்றுக்குப் பதிலாக வர முடியாது.

கிழங்கு தோண்டியதற்காக என்றோ கட்டிய அபராத ரசீது யாரிடமாவது இருந்தால் அதையும் மனுவோடு சேர்த்துவிடுவேன். ஆள் அங்கேதான் இருந்தார் என்பதை அரசாங்கமே எழுதிக் கொடுத்த காகிதம் அல்லவா!

காகிதம் இல்லாமல் போனதற்கும் ஒரு கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பம்பாய் கப்பல் தளத்துக்காக ஆனைமலைத் தேக்கு வெட்டப்பட்டது. 1882 சென்னை வனச் சட்டத்தின் கீழ் காடுகள் அரசின் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒதுக்குக் காடுகள் ஆயின. வால்பாறையில் எஸ்டேட்டுகள் வந்தன. அப்புறம் பரம்பிக்குளம்–ஆழியாறு அணைகள், 1972 வனவிலங்குச் சட்டம், புலிகள் காப்பகம். ஒவ்வொரு முறையும் நிலத்துக்குப் புதுப் பெயரும் புதுப் பதிவேடும் வந்தன. காடர்கள் வழிகாட்டியாக, கூலியாக, வாட்சராக அந்தப் பதிவேடுகளுக்குள் போனார்கள், உரிமைக்காரராகப் போகவில்லை.

எனக்கு ஆற்றாமை தருவது மாநில எல்லை. கேரளத்தில் காடர்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பட்டியலில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு சமூகங்கள். காடர் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் வாழச்சாலில் 2014-லேயே ஊர்களுக்குச் சமூக வன வள உரிமை, அதாவது தங்கள் காட்டை ஊரே காத்து நிர்வகிக்கும் உரிமை, கிடைத்தது. இங்கே 2008-இல் உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கி, 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகே வழி திறந்தது. 2019 மழையில் நிலச்சரிவில் வீடிழந்த கல்லார்குடி காடர் மக்கள், காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகே கிடைத்தது.

மலைக்கிராமத்தில் வேலை பார்க்கும் டீச்சரோ நர்ஸோ இதைப் படித்தால் ஒரு விஷயம். தனிநபர் மனு மட்டும் போட்டுவிட்டு நிற்க வேண்டாம். அது வீட்டுக்கும் தோட்டத்துக்கும்தான். தேன் பாறைக்கும் கிழங்குச் சரிவுக்கும் ஊர் சேர்ந்து, கிராம சபை வழியாகப் படிவம் ‘பி’ (சமூக உரிமை), ‘சி’ (சமூக வன வள உரிமை) இரண்டும் கொடுக்க வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு 60 நாள் உண்டு. மனு முடிவாகும்வரை யாரையும் வெளியேற்ற முடியாது. “பணம் வாங்கிக்கிட்டு கீழே போயிடுங்க” என்று யாராவது தாளை நீட்டினால், கையெழுத்துக்கு முன்னால் அதை ஊர் நடுவில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

அந்த நாற்பது இடங்களின் பட்டியலை இப்போது சமூக உரிமை மனுவோடு இணைத்துக் கொடுத்திருக்கிறோம். போன வாரம் பாட்டி சொல்லி அனுப்பினார்: மூன்று பாறைகள் விட்டுப்போய்விட்டனவாம்.