மோர்ஓவருக்கு மார்க் கிடையாது

இந்த மாதத்தில் இதே சிக்கலோடு என்னிடம் வந்தவர்களில் இவர் ஏழாவது ஆள். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுகிறவர். மூன்று முறையும் ரைட்டிங்கில் 9-க்கு 6-தான். வீட்டில் எழுதிப் பார்த்த 260 வார்த்தைக் கட்டுரையை நீட்டினார். இணைப்புச் சொற்களை வட்டமிட்டுக்கொண்டே வந்தேன்: 19. அதில் மோர்ஓவர் மட்டும் நான்கு.

"நூறு லிங்கிங் வேர்ட்ஸ்னு வாட்ஸ்அப்ல பிடிஎஃப் வந்துச்சு சார், மனப்பாடம் பண்ணிட்டேன்."

அதைத் தயாரித்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

இணைப்புச் சொல் கூடினால் மார்க் கூடும் என்று யார் சொன்னது? மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்பதைத் தேர்வு நடத்துகிறவர்களே வெளியிட்டிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. அளவுக்கு மீறிப் போடுவது 5-க்கான விளக்கத்திலேயே குறையாக வருகிறது. 6-க்கு, இணைப்பு இயந்திரத்தனமாக இருக்கலாம் என்கிறார்கள். 9-க்கு? இணைப்பு கண்ணில் படுவதே அபூர்வமாக இருக்க வேண்டும். பூவைவிட நார் அதிகம் தெரிகிற சரத்தை யார் தலையில் வைப்பார்கள்?

இவர் எழுதியதைப் பாருங்கள்: 'டிவி வேஸ்ட்ஸ் டைம். மோர்ஓவர், இட் டீச்சஸ் சில்ட்ரன்.' முதல் வரி திட்டுகிறது, இரண்டாவது பாராட்டுகிறது. நடுவில் 'மேலும்' எப்படி வரும்? அங்கே வேண்டியது ஒரு சாதாரண 'பட்'.

அடுத்தது ஆல்தோ. அதைப் போட்டுவிட்டு அதே வாக்கியத்தில் 'பட்' என்பதையும் சேர்க்கிறார்கள். "மழை பெய்தாலும் ஆனால் மேட்ச் நடந்தது" என்று தமிழில் சொல்வீர்களா? 'பெய்தாலும்' போதும் இல்லையா? ஆல்தோவும் அப்படித்தான். பிகாஸ் போட்டால் சோ வேண்டாம். ஹவெவரை வைத்து இரண்டு முழு வாக்கியங்களைக் கமாவால் ஒட்டாதீர்கள்; முன்னால் முற்றுப்புள்ளி வையுங்கள்.

பெரும்பாலான இடங்களில் ஒரு 'திஸ்' போதும். 'மெனி வில்லேஜஸ் ஹேவ் நோ பஸ். திஸ் கீப்ஸ் கேர்ல்ஸ் அவுட் ஆஃப் காலேஜ்.' கோர்த்தாயிற்று, இல்லையா?

எழுதி முடித்ததும் எல்லா இணைப்புச் சொற்களையும் பென்சிலால் அடித்துவிட்டுப் படியுங்கள். பொருள் தடுமாறும் இடத்தில் மட்டும் திரும்பப் போடுங்கள். அந்த நர்ஸ் என் எதிரிலேயே செய்து பார்த்தார். 19-ல் 5-தான் திரும்பி வந்தன. அப்புறம், தயவுசெய்து அந்த பிடிஎஃபை அடுத்த குரூப்புக்கு ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.