ஒரே ஆலையின் நான்கு ஒயின்கள்: கொடி தந்தது எது, ஆலை தந்தது எது?

2002இல் கலிஃபோர்னியாவின் டிரேடர் ஜோஸ் கடைகளில் சார்ல்ஸ் ஷா ஒயின் விற்பனைக்கு வந்தபோது ஒரு புட்டி 1.99 டாலர். 'டூ பக் சக்' என்று மக்கள் அதற்குச் செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். தயாரித்தது பிராங்கோ ஒயின் கம்பெனி. மலிவு என்பதாலேயே இதை ஒதுக்கிவிடுவது தவறு. சுவைக்குக் காரணம் தேடுகிறவர்களுக்கு இது அருமையான பாடம். ஆலை ஒன்று, விலை ஒன்று, மாறுவது பெரும்பாலும் திராட்சை ரகம்தான். சாவின்யோன் பிளாங்க், ஷார்டனே என்ற வெள்ளை ஒயின்கள், மெர்லோ, கேபர்னே சாவின்யோன் என்ற சிவப்பு ஒயின்கள், ஆக நான்கையும் அடுத்தடுத்து வைத்துச் சுவைத்தால், எது கொடியிலிருந்து வந்தது, எது ஆலையில் சேர்ந்தது என்று பிரித்தறியலாம்.

முதலில் விலையைப் பார்ப்போம். இத்தகைய ஒயின்களுக்கான திராட்சை பெரும்பாலும் கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் விளைகிறது. வெயிலும் பாசனமும் தாராளம். ஏக்கருக்கு 10 டன்னுக்கு மேல் காய்க்கும். விலையுயர்ந்த ஒயினுக்குப் பேர்போன நாப்பாவில் 4 டன் அளவுதான். அந்த வெயிலுக்கு ஒரு விலை உண்டு. சூட்டில் பழம் தன்னிடமுள்ள, புளிப்புத் தரும் மாலிக் அமிலத்தை வேகமாக எரித்துத் தீர்த்துவிடுகிறது. கடல் மூடுபனி படியும் கரையோரத் தோட்டங்களில் இந்த இழப்பு குறைவு. அதனால் பள்ளத்தாக்கின் ஆலைகள் டார்டாரிக் அமிலம் சேர்த்துப் புளிப்பை ஈடுகட்டுகின்றன. கலிஃபோர்னியச் சட்டம் அதை அனுமதிக்கிறது. நொதிக்கும் சாற்றில் சர்க்கரை சேர்க்கத்தான் தடை.

அடுத்தது மரம். 225 லிட்டர் பிடிக்கும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாயின் விலை சுமார் 1,000 டாலர். அதில் நிரம்புவது 300 புட்டி ஒயின். ஆக, பீப்பாய்ச் செலவு மட்டுமே புட்டிக்கு 3 டாலரைத் தாண்டுகிறது. மலிவு ஒயின்கள் பலவற்றில் எஃகுத் தொட்டிக்குள் ஓக் சீவல்களைப் போட்டு ஊறவைப்பது இதனால்தான். வனிலா மணம் தரும் வனிலின் சீவலிலிருந்தும் இறங்கும். ஆனால் பீப்பாய்ப் பலகை வழியே மெல்லக் கசியும் ஆக்சிஜனைச் சீவல் தராது.

இப்போது கோப்பைகளுக்கு வருவோம். சாவின்யோன் பிளாங்கில் பச்சைக் குடைமிளகாய் வாடை அடித்தால் அது கொடியின் வேலை. மெத்தாக்சிபைரசீன் வகைச் சேர்மம் ஒன்று திராட்சையிலேயே உருவாகிறது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பழம் வெயிலில் நன்றாகப் பழுத்தால் அது குறைந்துவிடும். ஆகவே பள்ளத்தாக்கு ஒயினில் இந்த வாடை மங்கலாகவே இருக்கும். ஷார்டனேயின் வெண்ணெய் மணமோ பழத்தில் இல்லவே இல்லை. நொதித்தலுக்குப் பின் ஈனோகாக்கஸ் என்ற பாக்டீரியா மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும்போது டையசிட்டைல் பிறக்கிறது. வெண்ணெய் மணக்கிறதே, அது இந்த டையசிட்டைல்தான்.

கேபர்னேயை ஒரு மிடறு வாயில் சுழற்றினால் பாக்கு மென்றதுபோல நாக்கு உலர்ந்து இழுக்கும். தோலிலும் விதையிலும் இருந்து வந்த டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் உமிழ்நீர்ப் புரதங்களைப் பிடித்துக்கொள்ள, வாயின் வழவழப்பு போய்விடுகிறது. மெர்லோவில் இந்த இழுப்பு பொதுவாகக் குறைவு. வெள்ளையிலும் சிவப்பிலும் ஒரே வனிலா, ஒரே மெல்லிய இனிப்பு திரும்பத் திரும்பத் தலைகாட்டினால் அது ரகத்தின் குணமாக இருக்க வாய்ப்பில்லை, ஆலையின் கைவண்ணம்.

விலை தெரிந்தால் நாக்கு ஏமாறும். 2008இல் வெளியான கால்டெக், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களின் ஆய்வில் ஒரே கேபர்னேயை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை கூடியபோது சுவைத்தவர்களின் மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் கூடுதலாக இயங்கியது. விலை தெரியாமல் சுவைக்கும் நடுவர்களும் தடுமாறத்தான் செய்கிறார்கள். 2007இல் கலிஃபோர்னிய மாநிலக் கண்காட்சிப் போட்டியில் கலிஃபோர்னிய ஷார்டனேக்களில் சார்ல்ஸ் ஷா முதலிடம் பெற்றது. அதே போட்டியின் நடுவர்களுக்கு ஒரே புட்டியிலிருந்து மூன்று கோப்பை ஊற்றிக் கொடுத்து ஒயின் தயாரிப்பாளர் ராபர்ட் ஹாட்ஜ்சன் சோதித்தார். மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் தந்தவர்கள் சுமார் 10 சதவீதம்தான். ஒயினே பொய் என்று இதை வைத்து முடிவுகட்டுவது அவசரம். மதிப்பெண் போடுவதில் தடுமாறும் நாக்கு, ஒப்பிடுவதில் அவ்வளவு மோசமில்லை என்பதே என் கருத்து.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. மூன்று கோப்பைகளில் இரண்டில் மெர்லோ, ஒன்றில் கேபர்னே. குளிரில் மணம் அடங்கிவிடும் என்பதால் மூன்றும் ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும். புட்டிகளை மறைத்துவிட்டு வேறொருவர் ஊற்றட்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு, சுவைத்துத் துப்பி, வேறுபட்ட கோப்பையைச் சொல்ல வேண்டும். ஊகித்தே சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே வரிசையை மாற்றி ஆறு முறை செய்யவேண்டும். வெறும் ஊகத்தால் ஐந்து முறையாவது சரியாக வரும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு.